புற்றுநோய் நிதி நடையில் தன்னார்வலர் வேலை: வளைவில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மழைத்தூறல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரும் ஞாயிறு காலை புற்றுநோய் நோயாளிகளின் சிகிச்சை நிதிக்காக 5 கிலோமீட்டர் நடை நடக்கிறது. அதில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருக்கிறேன். நேற்று வாட்ஸ்அப் குழுவில் வேலைப் பட்டியல் வந்தது. என்னோடு பெயர் கொடுத்தவர்களுக்குப் பதிவு மேசை, மேடை, புகைப்படம் என்று கிடைத்திருக்கிறது. எனக்கு 3 கிலோமீட்டர் தாண்டி வரும் ஒரு வளைவு. அங்கே நின்று "வலது பக்கம் திரும்புங்கள்" என்று கை காட்ட வேண்டும். நான்கு மணி நேரம் அது மட்டும்தான்.

உள்ளதைச் சொல்கிறேன், மனசு கொஞ்சம் சுருங்கிவிட்டது. என் சித்தி போன வருடம் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். எட்டு மாதம் சிகிச்சையில் இருந்தார். எனக்கு அப்போது வகுப்பு, தேர்வு என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. இரண்டு முறைதான் போய்ப் பார்த்தேன். இரண்டாவது முறை என்ன பேசுவதென்று தெரியாமல் கைப்பேசியை நோண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த உறுத்தலில்தான் இதற்குப் பெயர் கொடுத்தேன். கை காட்டுவதால் யாருக்கு என்ன ஆகப்போகிறது?

இதற்கு முன் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நடக்க வருபவர்களில் சிகிச்சை எடுப்பவர்களும் இருப்பார்கள் என்கிறார்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது? தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கடைசிவரிசை

தம்பி, பதினொரு நடைகளில் வேலை பார்த்திருக்கிறேன். பதிவு மேசை, தண்ணீர், ஒலிபெருக்கி எல்லாம் செய்தாயிற்று. எனக்கு ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வளைவைத்தான் கேட்பேன்.

காரணம் சொல்கிறேன். கிளம்பும்போது ஆயிரம் பேர் ஒரே கூட்டமாகப் போவார்கள், யாருக்கும் வழி தேவைப்படாது. முன்னால் போகிறவரின் முதுகே வழி. முதல் கிலோமீட்டருக்குள் கூட்டம் நீண்டுவிடும். மூன்றாவதில் அறுந்துவிடும். அதற்குப் பின் வருபவர் தனியாகத்தான் வருவார், அல்லது ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருவார். அவருக்கு முன்னால் முதுகு எதுவும் தெரியாது. அந்த இடத்தில் ஒரு திருப்பம் தப்பினால் அரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். உனக்கும் எனக்கும் அது ஒன்றுமில்லை. சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆனவருக்கு அந்த அரைக் கிலோமீட்டரோடு அன்றைய நடை முடிந்துவிடும்.

சனிக்கிழமையே போய் உன் வளைவைப் பார். முடிந்தால் முழுப் பாதையையும் நடந்துவிடு. பக்கத்தில் நிழல் எங்கே, உட்கார இடம் எங்கே, கழிப்பறை எங்கே, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமிருந்து வர முடியும், இவை தெரிந்திருக்க வேண்டும். முதலுதவிக் குழு எண்ணையும் பாதைப் பொறுப்பாளர் எண்ணையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வை, பேட்டரி தீரும். வளைவிலேயே நிற்காதே, இருபது அடி முன்னால் நில். திரும்ப வேண்டும் என்று திரும்புவதற்கு முன்பே தெரிந்தால்தான் பயன். கையை முழுசாக நீட்டிக் காட்டு. தொப்பி, தண்ணீர், பழகின செருப்போ ஷூவோ. புது ஷூ வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இதை மட்டும் மறக்காதே. கூட்டம் நின்றுவிட்டது என்பதற்காக இடத்தை விட்டு வராதே. எல்லா நடையிலும் கடைசி ஆளோடு கூடவே நடக்க ஒரு தன்னார்வலர் இருப்பார், இல்லையென்றால் இருக்க வேண்டும். அவர் உன்னைத் தாண்டிப் போய் "இவர்தான் கடைசி" என்று சொன்ன பிறகுதான் உன் வேலை முடிகிறது. ஒரு வருடம் நான் முடிவுக்கோட்டில் இருந்தேன். பத்து நிமிடம் யாரும் வரவில்லை என்று வழிநெடுகக் கூம்புகளை எடுத்துவிட்டார்கள். முடிவுக்கோட்டில் நின்ற காற்றடைத்த தோரணத்தையும் இறக்கிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு அம்மாவும் அவருடைய பையனும் வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா தலையில் துணி கட்டியிருந்தார். முடிவுக்கோடு எங்கே என்று என்னிடம்தான் கேட்டார். தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடுகூட இல்லை. அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை. அவர் முகம் மட்டும் நினைவிருக்கிறது.

கணக்குநோட்டு

மற்றவர்கள் ஊக்கம் கொடுப்பார்கள், நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மருந்துச் செலவுக்கு நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அதே நேரத்தில் ஒரு நடை நடந்தது. டீ-ஷர்ட், பதக்கம், மேடை, ஒலிபெருக்கி, பலூன். அந்தச் செலவில் எத்தனை பேருக்கு ஒரு சுற்று மருந்து வாங்கியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு நான் எந்த நடைக்கும் போகவில்லை. கொடுப்பதை நேராக மருத்துவமனையின் நோயாளர் நிதியில் கட்டிவிடுகிறேன்.

நீங்கள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தன்னார்வலர் என்ற முறையில் உங்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. வசூலில் எவ்வளவு செலவு, எவ்வளவு சிகிச்சைக்கு, எந்த நிதிக்குப் போகிறது, தணிக்கை செய்த கணக்கை எப்போது வெளியிடுவார்கள். "விழிப்புணர்வுக்காக" என்று மட்டும் பதில் வந்தால் மேற்கொண்டு கேளுங்கள். சங்கடப்படாதீர்கள்.

பழையஏடு

கணக்குநோட்டு கேட்பது நியாயமான கேள்வி. அதோடு இந்த நடைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் மேடையும் இல்லை, பலூனும் இல்லை.

டெர்ரி ஃபாக்ஸ் கனடாக்காரர். 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். சிகிச்சை வார்டில் தன்னைச் சுற்றியிருந்த நோயாளிகளை, அதிலும் குழந்தைகளைப் பார்த்ததுதான் அவரைக் கிளப்பியது. 1980 ஏப்ரல் 12 அன்று கிழக்குக் கடற்கரையில் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். நாளைக்கு ஏறத்தாழ ஒரு மராத்தான் தூரம். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்த வேண்டி வந்தது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த ஜூனில் இறந்தார், வயது 22. கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர் என்பது அவர் வைத்திருந்த இலக்கு. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அப்போதைய மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுதான். அந்த செப்டம்பரில் தொடங்கிய அவர் பெயரிலான ஓட்டம் இன்றும் பல நாடுகளில் நடக்கிறது.

இழையைத் தொடங்கியவருக்காக ஒரு விஷயம். டெர்ரியோடு டக் ஆல்வர்ட் என்ற நண்பர் போனார். வேன் ஓட்டியதும் சமைத்ததும் அவர்தான். ஒரு மைல் முன்னால் போய் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். டெர்ரி வந்து தண்ணீர் குடித்துவிட்டு ஓடுவார். மறுபடி ஒரு மைல். டெர்ரிக்கு மொத்தத் தூரத்தை நினைத்து ஓட முடியாது, அடுத்து வேன் நிற்கும் இடம்வரைக்கும்தான் ஓடினார். 3 கிலோமீட்டரில் நிற்கிற ஒருவரும் அந்த வேன் மாதிரிதான்.

கார்டி கிளாட் கதையும் அதே எளிமைதான். அமெரிக்காவில் டகோமா என்ற ஊரில் அறுவை சிகிச்சை மருத்துவர். 1985 மே மாதம் ஒரு ஓட்டத் தளத்தில் 24 மணி நேரம் சுற்றினார், 83 மைல். நண்பர்கள் ஆளுக்கு 25 டாலர் கொடுத்து அரை மணி நேரம் அவரோடு ஓடினார்கள், நடந்தார்கள். 27,000 டாலர் சேர்ந்தது. "ரிலே ஃபார் லைஃப்" என்ற நிதி நடை அங்கிருந்து வந்ததுதான். நோயாளி இரவிலும் தூங்குவதில்லை, நோயும் தூங்குவதில்லை, அதனால்தான் இரவு முழுக்க நடக்கிறார்கள்.

நான்காம்சுற்று

நான் நடப்பவள். மார்பகப் புற்றுநோய், இடது பக்கம். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து மூன்றரை வருடம். முதல் நடைக்குப் போனபோது சிகிச்சை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். எங்களுக்குப் பிடிக்காதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "எந்த ஸ்டேஜ்?" என்று கேட்காதீர்கள். "உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவே இல்லை" என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருக்கு இதே நோய் வந்து என்ன ஆனது என்ற கதை வேண்டவே வேண்டாம். எந்தச் சாறு குடித்தால் குணமாகும் என்பதும் வேண்டாம். "நீங்கள் போராளி" என்று சொல்வது சிலருக்குப் பிடிக்கிறது, எனக்குப் பிடிப்பதில்லை. என்னோடு சிகிச்சை எடுத்து இறந்துபோனவர்கள் சரியாகப் போராடவில்லை என்றா அர்த்தம்?

கையைப் பிடித்து உதவுவதற்கு முன் கேளுங்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்கக்கூடும், பிடித்து இழுத்தால் வலியில் உயிர் போகும். "எந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அப்புறம் இதுதான் முக்கியம். வளைவில் நிற்பவரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னும் எவ்வளவு தூரம்?" எனக்கு அந்த முதல் நடையில் நான்கு பேர் "இதோ பக்கத்தில்தான்" என்று சொன்னார்கள். நால்வருமே அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் நான் கையில் இருந்த பலத்தை அந்த வார்த்தையை நம்பிச் செலவு செய்துவிட்டேன். பக்கத்தில் இல்லை என்று தெரிந்தபோது அழுகை வந்தது. ஐந்தாவதாக நின்ற ஒரு பையன் மட்டும், "அக்கா, இன்னும் ஆயிரத்து இருநூறு மீட்டர். அதில் ஒரு மேடு உண்டு. மேட்டுக்கு முன்னால் பெஞ்ச் இருக்கிறது" என்றான். எனக்கு அவன் சொன்னது போதுமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், முடித்தேன். எங்களிடம் ஆளாளுக்கு "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சரியான தூரத்தைச் சொல்பவர்கள் குறைவு. நீங்கள் சரியாகச் சொல்லுங்கள்.

உங்கள் சித்தியைப் பற்றி. கீமோ நாட்களில் என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு நான்தான் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. பேசிப் பேசிக் களைத்துப்போவேன். என் அக்கா மகன் வந்தால் மூலையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பான். அவன் இருக்கும்போது மட்டும்தான் நான் தூங்குவேன். உங்கள் சித்தி என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. என்னுடையதைச் சொன்னேன்.

மழைத்தூறல்

இதைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அக்கா. நன்றி என்பதைத் தவிர எழுத வரவில்லை.

கடைசிவரிசை அண்ணா, நான் தம்பி இல்லை, தங்கை.

கணக்குநோட்டு அவர்களே, பொறுப்பாளரிடம் கேட்டு எழுதுகிறேன்.

இரவுப்பணி

புற்றுநோய் வார்டில் செவிலியர். நான்காம்சுற்று சொன்னதற்கு மேல் பேச்சு விஷயத்தில் சேர்க்க எதுவும் இல்லை. உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

ஞாயிறன்று உங்களுக்கு ஜலதோஷம், இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஏதாவது இருந்தால் போகவே போகாதீர்கள். கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். கீமோ மருந்துகள் பலவற்றில், மருந்து ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். உங்களுக்குச் சாதாரணச் சளி, அவர்களுக்கு மருத்துவமனை வாசம். வழியில் யாராவது சிகிச்சையில் இருப்பதாகச் சொல்லி, குளிர் நடுக்கமாக இருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது. கீமோவில் இருப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலே அவசர நிலை. முதலுதவிக் குழுவைக் கூப்பிடுங்கள்.

சில மருந்துகள் நரம்புகளைப் பாதிக்கும். பாதமும் விரலும் மரத்துப்போகும், பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கும். கல் குத்தினாலும் தெரியாது, தரை சமமில்லாவிட்டால் தடுமாறுவார்கள். உங்கள் வளைவில் பள்ளமோ தூக்கிய கல்லோ இருந்தால் முன்னதாகவே வாயால் சொல்லுங்கள்.

களைப்பும் நாம் நினைக்கிற களைப்பு கிடையாது. தூங்கினாலும் போகாது. சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் இருக்கும். ஆனாலும் மிதமான நடை அந்தக் களைப்பைக் குறைக்கிறது. அதனால் உட்கார்ந்தவரிடம் "விட்டுவிடுங்கள், வண்டியில் போகலாம்" என்று அவசரப்படுத்த வேண்டாம். அவர் முடிவு செய்யட்டும்.

வெயிலில் தலைசுற்றல், குமட்டல், அதிக வியர்வை என்றால் நிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், தண்ணீரை வாய் வாயாகக் கொடுங்கள். உளறினாலோ நினைவு மங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடம்பை நனைத்து விசிறுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். யாராவது மயங்கி விழுந்து இயல்பாக மூச்சு விடவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. உதவிக்குக் கத்திவிட்டு மார்பின் நடுவில் இரு கைகளாலும் அழுத்தத் தொடங்குங்கள், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வருடத்தில் ஒரு நாள் ஒதுக்கி இதை நேரில் கற்றுக்கொள்வது மாணவர்கள் எல்லோருக்கும் நல்லது.

யாராவது கட்டி இருக்கிறது, வலிக்கிறது என்று உங்களிடம் கேட்டால் பதில் சொல்ல முயலாதீர்கள். "மருத்துவர் முகாம் முடிவுக்கோட்டில் இருக்கிறது, இன்றே காட்டுங்கள்" என்று மட்டும். புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புகையிலையை விடுவது, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஹெச்பிவி தடுப்பூசி, நேரத்தில் பரிசோதனை. அந்த முகாம் வரைக்கும் ஒருவர் நடந்து போனாலே பெரிய காரியம்.

பாதைவரைவு

நான் சிறிய நடை ஒன்றை நடத்தும் குழுவில் இருக்கிறேன் (இழையில் பேசப்படும் நடை வேறு). கணக்குநோட்டுக்கு நேராகவே பதில் சொல்கிறேன். செலவு உண்டு. அனுமதி, ஆம்புலன்ஸ், தண்ணீர், தடுப்புகள் இல்லாமல் ஆயிரம் பேரைத் தெருவில் இறக்க முடியாது. டீ-ஷர்ட்டையும் பதக்கத்தையும் நாங்கள் இரண்டு வருடம் முன்பு நிறுத்திவிட்டோம். பதிவு எண்ணிக்கை குறைந்தது, கையில் நின்ற தொகை கூடியது. கணக்கை ஒரு பக்கத் தாளாக எல்லோருக்கும் அனுப்புகிறோம். இதைச் செய்யாத அமைப்பாளர்களிடம் நீங்கள் கோபப்படுவது சரிதான்.

ஆனால் ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முடிவுக்கோட்டில் இரண்டு பெண்கள் ஒருவருடைய தொப்பியை இன்னொருவர் பார்த்து, இருவரும் ஒரே நேரத்தில் கழற்றினார்கள். இருவருக்கும் முடி அப்போதுதான் முளைத்திருந்தது. அதுவரை ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நேராகப் பணம் கட்டினால் அது நடக்காது.

கணக்குநோட்டு

நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். டீ-ஷர்ட்டை நிறுத்தியதற்கு நன்றி. நான் நேராகக் கட்டுவதை மாற்றப்போவதில்லை. அப்பாவுக்கு அன்று மருந்துதான் தேவைப்பட்டது.

மழைத்தூறல்

சனி மாலை. வளைவைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்லவேளை போனேன். வரைபடத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது, நேரில் இரண்டு. இருபது அடி இடைவெளியில் இரண்டு வலது பாதைகள், முதலாவது எங்கேயோ போய் முட்டுகிறது. பொறுப்பாளருக்குப் படம் அனுப்பினேன். முதல் பாதையை மறிக்க இரண்டு கூம்பும் ஒரு பலகையும் தருகிறார்கள். திருப்பத்திலிருந்து முடிவுக்கோடு வரை நடந்து அளந்தேன், 1,800 மீட்டர். 600 மீட்டரில் மரத்தடியில் திண்ணை மாதிரி ஒரு கல் இருக்கிறது. வளைவில் ஒரு கல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி போடக் கேட்டிருக்கிறேன்.

கணக்கைப் பற்றியும் கேட்டேன். ஒரு மாதத்தில் தணிக்கைத் தாளைப் பங்கேற்ற எல்லோருக்கும் அனுப்புவதாகச் சொன்னார். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

மழைத்தூறல்

ஞாயிறு இரவு. கால் வலிக்கிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் கடைசிவரிசை அண்ணா சொன்னது போலவே, யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கூட்டம் அதுவாகவே திரும்பிப் போனது. பிறகு இடைவெளி விழுந்தது. அப்போதுதான் கேள்வி வர ஆரம்பித்தது. "ஆயிரத்து எண்ணூறு மீட்டர். அறுநூறில் நிழலும் உட்காரக் கல்லும் இருக்கிறது." எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. ஒருவர் நின்று, "சரியாகத் தெரியுமா?" என்று கேட்டார். நேற்று நடந்து அளந்தேன் என்றேன். அவர் தன் பின்னால் வந்தவரிடம் திரும்பி அதையே சொன்னார், அளந்திருக்கிறார்களாம் என்று.

எல்லோரும் போய்விட்ட பிறகு ஒரு பாட்டி வந்தார். அவருக்குப் பின்னால் கடைசி ஆளோடு வரும் தன்னார்வலர் அண்ணன் மட்டும். பாட்டி என் முன்னால் நின்று, காலில் என்னவோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை என்றார். "எந்தப் பக்கம் பிடிக்கட்டும் பாட்டி?" என்று கேட்டு ஓரமாக உட்கார வைத்தேன். பாதம் ஒரு வருடமாகப் பஞ்சு மாதிரிதான் இருக்கிறது என்றார். அவர் சொல்லித்தான் ஷூவைக் கழற்றினேன். உள்ளே ஒரு சரளைக்கல். காலுறையில் ரத்தம். எவ்வளவு தூரம் அதன் மேல் நடந்தாரோ, அவருக்கு வலிக்கவே இல்லை. இரவுப்பணி அக்கா எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஷூவைக் கழற்றத் தோன்றியிருக்காது.

முதலுதவிக் குழு வர பன்னிரண்டு நிமிடம் ஆனது. கைப்பேசியில் அவர்களைக் கூப்பிட்டுவிட்டுப் பைக்குள் போட்டவள் வெளியே எடுக்கவில்லை. பாட்டி பேசவில்லை, நானும் பேசவில்லை. என் தோளில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சித்தியை நினைத்தேன்.

கட்டுப் போட்ட பிறகு வண்டியில் ஏறச் சொன்னார்கள். பாட்டி என்னைப் பார்த்து, "எவ்வளவுன்னு சொன்னே?" என்றார். சொன்னேன். முதலுதவி செய்தவர் காயத்தை மறுபடி பார்த்துவிட்டு, மெதுவாகப் போகலாம், கல்லிருக்கும் இடத்தில் கட்டாயம் உட்கார வேண்டும் என்றார். வண்டியும் பின்னாலேயே மெல்ல வந்தது. பாட்டி எழுந்தார்.

கடைசிவரிசை

தங்கச்சி, முடிவுக்கோடு இருந்ததா?

மழைத்தூறல்

இருந்தது அண்ணா. அந்த அண்ணன் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டார், ஒருவர் பாக்கி, எதையும் இறக்காதீர்கள் என்று. பதிவு மேசைக்காரர்கள், மேடைக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள்.

என் வளைவில் இருந்த கூம்புகளை நான்தான் எடுத்தேன். பாட்டி தாண்டிப் போன பிறகு.